கம்பெனி தரும் பல் இன்ஷூரன்ஸ்: எடுக்கலாமா, விடலாமா?

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எச்.ஆரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்துவிடும். மெடிக்கல், டென்டல், விஷன் என்று மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று திட்டங்கள். பெரும்பாலும் 30 நாளுக்குள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மெடிக்கலை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். டென்டலில்தான் கை நிற்கும். பக்கத்து சீட்டுக்காரர் "கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்பார். இன்னொருவர் "வேஸ்ட், ஊருக்குப் போறப்ப பார்த்துக்கலாம்" என்பார். இருவர் சொல்வதும் அவரவர் வாய்க்குச் சரி. உங்கள் வாய்க்கு எது சரி என்பதை ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடலாம்.

உச்சவரம்பு யாருக்கு?

மெடிக்கல் இன்ஷூரன்ஸில் ஒரு வருடத்தில் உங்கள் கையிலிருந்து போகக்கூடிய பணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025-இல் சட்டப்படி அது தனிநபருக்கு 9,200 டாலரைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. அதற்கு மேல் பில் எவ்வளவு வந்தாலும் நெட்வொர்க்குக்குள் (ஒப்பந்தம் செய்துகொண்ட டாக்டர்கள், ஆஸ்பத்திரிகளில்) இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பல் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். உச்சவரம்பு உங்களுக்கு இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத்தான். வருடத்துக்கு 1,000 முதல் 2,000 டாலர் வரை கொடுக்கும். அதைத் தாண்டினால் மிச்சம் முழுக்க உங்கள் பொறுப்பு. இதை "ஆனுவல் மேக்ஸிமம்" என்று போட்டிருப்பார்கள். 1970-களிலும் 1,000 டாலர் வரம்பு சகஜமாக இருந்தது. பல் டாக்டர் ஃபீஸ் எங்கேயோ போய்விட்டது, இந்த எண் மட்டும் அதிகம் அசையவில்லை.

ஆகவே "பெரிய செலவு வந்தால் காப்பாற்றுமே" என்ற பயத்தில் இதை எடுக்காதீர்கள். பெரிய செலவு வரும்போதுதான் இது முதலில் கைவிடும். வருகிற பன்னிரண்டு மாதத்தில் பல்லுக்கு நடக்கப்போகும் சாதாரண செலவை இது எவ்வளவு குறைக்கும் என்பதுதான் கேள்வி.

பிரீமியம் உண்மையில் எவ்வளவு?

ஃபார்மில் போட்டிருக்கும் தொகை மாதத்துக்கா, ஒவ்வொரு சம்பளத்துக்குமா என்று முதலில் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால் 26 ஆல் பெருக்க வேண்டும், 24 முறைதான் பிடிக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வரி. பெரும்பாலான கம்பெனிகளில் இந்தப் பிரீமியம் வரிக்கு முன்பே சம்பளத்திலிருந்து கழிக்கப்படும். வருடத்துக்கு 384 டாலர் (மாதம் 32) பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால், அதோடு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று சம்பளத்தில் பிடிக்கும் 7.65 சதவீதமும் சேர்ந்து 29.65 சதவீதம் மிச்சமாகிறது. கையிலிருந்து போவது சுமார் 270 டாலர்தான். எஃப்-1 மாணவர் விசாவில் ஓ.பி.டி.யில் (படிப்போடு சேர்ந்த தற்காலிக வேலை அனுமதி) இருப்பவர்களில் பலருக்கு அந்த 7.65 பிடிக்கப்படுவதே இல்லை. அவர்கள் வருமான வரியை மட்டும் கழித்துப் பார்த்தால் போதும்.

கம்பெனியே முழுப் பிரீமியத்தையும் கட்டுகிறதா? சரி, அப்படியென்றால் மேற்கொண்டு யோசிக்காமல் டிக் போடுங்கள். கீழே உள்ளதைத் திட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்காக மட்டும் படித்தால் போதும்.

உங்கள் வாயில் என்ன இருக்கிறது?

இந்த முடிவில் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது, ஆனால் இதை யாரும் செய்வதில்லை. எல்லோரும் திட்டங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தன் பல் எப்படி இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள்.

இன்னும் விமானம் ஏறவில்லை என்றால், கிளம்புவதற்கு முன் ஊரில் ஒருமுறை பல் டாக்டரைப் பார்த்து எக்ஸ்ரேவும் எடுத்துவிடுங்கள். எந்தப் பல்லில் ரூட் கெனால் நடந்தது, எந்தப் பல்லுக்கு எந்த வருடம் கேப் போட்டது, எது பிடுங்கப்பட்டது என்று எழுதி வாங்கி வாருங்கள். அந்தத் தேதிகள் பின்னால் கிளெய்மில் தேவைப்படும். ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் நினைவிலிருந்து ஒரு பட்டியல் போடுங்கள்: குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும் பல், ஆட்டம் காணும் பழைய ஃபில்லிங், ஈறில் ரத்தம், பாதி முளைத்து நிற்கும் ஞானப்பல், கிளிப் போட வேண்டிய வயதில் பிள்ளை.

பட்டியல் காலியாக இருந்து, ஐந்தாறு வருடமாக ஃபில்லிங் எதுவும் இல்லையென்றால் உங்களுக்குத் தேவை கிளீனிங்கும் பரிசோதனையும் மட்டும். பட்டியலில் ஒரு ரூட் கெனால் வரும்போல் இருந்தால் கணக்கே வேறு.

ஆவணத்தில் எதைத் தேடுவது

ஒரு பக்க சுருக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எச்.ஆரிடம் "சர்ட்டிஃபிகேட் ஆஃப் கவரேஜ்" என்ற நீளமான ஆவணத்தைக் கேளுங்கள். சுருக்கத்தில் அழகான எண்கள் இருக்கும், நிபந்தனைகள் எல்லாம் இதில்தான் இருக்கும்.

பெரும்பாலான பி.பி.ஓ. திட்டங்கள் (எந்த டாக்டரிடமும் போகலாம், நெட்வொர்க்கில் போனால் மலிவு) 100-80-50 என்ற அமைப்பில் இருக்கும். கிளீனிங், பரிசோதனை, வழக்கமான எக்ஸ்ரேவுக்கு 100 சதவீதம். ஃபில்லிங் போன்ற சாதாரண சிகிச்சைக்கு 80. கிரவுன் (கேப்), பிரிட்ஜ், பல்செட் போன்ற பெரிய வேலைக்கு 50. இதற்கு முன் 50 டாலர் டிடக்டிபிள், அதாவது முதல் 50 டாலர் உங்களுடையது. கிளீனிங்குக்கு அது பொதுவாகக் கிடையாது. ரூட் கெனாலும் ஈறு சிகிச்சையும் எந்த அடுக்கில் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு திட்டத்தில் 80-இல் இருக்கும், பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொன்றில் 50-இல் இருக்கும்.

ஊரிலிருந்து வந்தவர்களை அதிகம் அடிப்பது "மிஸ்ஸிங் டூத்" விதி. இந்தத் திட்டத்தில் சேரும் முன்பே பிடுங்கப்பட்ட பல்லின் இடத்தில் பிரிட்ஜோ இம்ப்ளான்ட்டோ வைத்தால் பணம் தர மாட்டோம் என்று சில திட்டங்களில் இருக்கும். ஊரில் பத்து வருடம் முன் பிடுங்கிய கடைவாய்ப் பல்லுக்கு இங்கே இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று நினைத்து எடுப்பவர்கள் இந்த ஒரு வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. இதன் தம்பி மாதிரி இன்னொரு விதி: திட்டம் தொடங்கும் முன் ஆரம்பித்த சிகிச்சைக்குப் பணம் கிடையாது. வேலை மாறும் நேரத்தில் பாதி முடிந்த கிரவுன் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும்.

காத்திருப்புக் காலம் உண்டா என்பதையும் பாருங்கள். சில திட்டங்கள் பெரிய வேலைக்கு 6 அல்லது 12 மாதம் காக்க வைக்கும். கம்பெனி வழித் திட்டங்களில் முதல் வாய்ப்பிலேயே சேர்ந்தவர்களுக்கு இது இல்லாமல் இருப்பது சகஜம். ஆனால் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வருடம் வருபவருக்கு மட்டும் காத்திருப்பு விதிக்கும் திட்டங்களும் உண்டு. "இந்த வருஷம் விட்டுட்டு, பல் வலிச்சா அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்" என்ற கணக்கு அங்கே செல்லாது.

அப்புறம் எண்ணிக்கை வரம்புகள். கிளீனிங் "வருடத்துக்கு இரண்டு" என்றால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். "ஆறு மாதத்துக்கு ஒன்று" என்றால் ஒரு நாள் முன்னால் போனாலும் பில் உங்கள் தலையில். ஒருமுறை போட்ட கிரவுனை மாற்ற 5 முதல் 10 வருடம் வரை ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். கடைவாய்ப் பல்லில் வெள்ளை ஃபில்லிங் வைத்தால் வெள்ளி ஃபில்லிங்கின் விலைக்குத்தான் பணம் தருவோம் என்ற விதியும் பரவலாக உண்டு; வித்தியாசம் உங்களுடையது. பிள்ளைக்குக் கிளிப் போடுவதானால் அதற்கென்று தனியாக ஆயுள் வரம்பு இருக்கும், வருட வரம்பு அல்ல. பெரியவர்களின் கிளிப்புக்குப் பணம் தராத திட்டங்கள் நிறைய.

டி.எச்.எம்.ஓ. என்று மலிவாக ஒன்று இருக்கலாம். பொதுவாக வருட வரம்பு இருக்காது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் நீங்கள் கட்ட வேண்டிய தொகை பட்டியலாகவே இருக்கும். ஆனால் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டும், அந்தப் பட்டியல் சின்னது. அதில் வீட்டுக்குப் பக்கத்தில் புது நோயாளிகளைச் சேர்க்கும் நல்ல கிளினிக் ஒன்று இருப்பதை ஃபோன் செய்து உறுதி செய்தால் எடுக்கலாம். உறுதி செய்யாமல் விலையை மட்டும் பார்த்து எடுப்பது வீண்.

இப்போது கணக்கு

கீழே உள்ளவை கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தின் கிளினிக்கில் கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பிரச்சினை இல்லாத வாய். வருடத்தில் இரண்டு கிளீனிங் 240, இரண்டு பரிசோதனை 120, ஒரு செட் எக்ஸ்ரே 70, ஆக 430 டாலர். திட்டம் இருந்தால் இது பூஜ்யம், பிரீமியம் 270. லாபம் 160. ஆனால் இது இரண்டு முறையும் தவறாமல் போகிறவருக்கு. வருடத்துக்கு ஒருமுறை போனாலே அதிகம் என்கிறவர் 270 கட்டி 250 டாலர் மதிப்புள்ள சேவை வாங்குகிறார். போகவே போகாதவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பிரியமான வாடிக்கையாளர்.

அடுத்து, கடைவாய்ப் பல்லில் ஒரு ரூட் கெனாலும் கிரவுனும். கிளினிக்கின் முழு விலை 1,300-ம் 1,500-ம், மொத்தம் 2,800. நெட்வொர்க்கில் உள்ள டாக்டர் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு செய்த ஒப்பந்தப்படி 900-ம் 1,000-ம்தான் வாங்க முடியும், மொத்தம் 1,900. இரண்டும் 50 சதவீத அடுக்கில் இருந்தால் 50 டாலர் டிடக்டிபிள் போக 1,850-இல் பாதி, 925 டாலரைத் திட்டம் தரும். நீங்கள் கட்டுவது 975. ரூட் கெனால் 80 சதவீத அடுக்கில் இருந்தால் 720.

975-ஐயே எடுத்துக்கொள்வோம். திட்டம் இல்லாமல் 2,800, திட்டத்தோடு 975. மிச்சம் 1,825. அதில் 925 மட்டும்தான் இன்ஷூரன்ஸ் கொடுத்த பணம். மற்ற 900 நெட்வொர்க் விலைக்குறைப்பு. யாரும் விளம்பரத்தில் சொல்லாத லாபம் இதுதான், என்னைக் கேட்டால் இந்தத் திட்டங்களின் பாதி மதிப்பு இதில்தான் இருக்கிறது. வருட வரம்பு தீர்ந்த பிறகும் பெரும்பாலும் இந்தக் குறைந்த விலை தொடரும். உங்கள் திட்டத்தில் அப்படியா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி இரண்டு பல் என்றால்? நெட்வொர்க் விலை 3,800. வருட வரம்பு 1,500. அதில் கிளீனிங்குகள் ஒப்பந்த விலையில் ஏற்கெனவே 250 தின்றிருக்கும் (சில திட்டங்களில் கிளீனிங்கை வரம்பில் சேர்க்க மாட்டார்கள்). மிச்சம் 1,250 தான் கிடைக்கும், நீங்கள் கட்டுவது 2,550. இங்கேதான் டாக்டரிடம் "ஒரு பல்லை ஜனவரிக்குத் தள்ளலாமா?" என்று கேட்க வேண்டும். புது வருடத்தில் புது வரம்பு வந்துவிடும். டாக்டர் காத்திருக்கலாம் என்றால் மட்டும். வலியோடும் வீக்கத்தோடும் இருக்கும் பல்லை வரம்புக்காக இழுத்தடிக்கக்கூடாது.

"நாங்கள் இந்த இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்கிறோம்"

மேலே சொன்ன 900 டாலர் கிடைப்பது டாக்டர் நெட்வொர்க்கில் இருந்தால் மட்டுமே. கிளினிக்குக்கு ஃபோன் செய்து "இந்த இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். உங்கள் சார்பில் கிளெய்ம் அனுப்புவோம் என்பதே அதற்கு அர்த்தமாக இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி: "இந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா?" திட்டத்தின் முழுப் பெயரையும் சொல்லுங்கள். டெல்டா டென்டல் என்றால் பி.பி.ஓ. நெட்வொர்க் வேறு, பிரீமியர் நெட்வொர்க் வேறு. டாக்டர் இரண்டாவதில் மட்டும் இருந்தால் விலை கூடும். வெப்சைட்டில் உள்ள பட்டியல் பழையதாக இருக்கலாம், அதனால் ஃபோன் செய்துவிடுங்கள்.

முதல் விசிட்டில் பலருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். சாதாரண கிளீனிங்குக்குப் போனால் "உங்களுக்கு டீப் கிளீனிங் வேண்டும், நான்கு பகுதியும்" என்பார்கள், அதாவது ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்வது. பில்லில் சாதாரண கிளீனிங்கின் குறியீடு டி1110, இதன் குறியீடு டி4341. இது பொதுவாக 100 சதவீத அடுக்கில் இருக்காது. சிலருக்கு இது நிஜமாகவே தேவை. வருடக்கணக்கில் கிளீனிங் செய்யாமல் வந்தவர்களுக்கு ஈறு நோய் இருப்பது ஆச்சரியமில்லை. ஆனால் அங்கேயே நாற்காலியில் சாய்ந்தபடி சம்மதிக்க வேண்டியதில்லை. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்த சார்ட்டைக் கேளுங்கள். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பல இடங்களில் இருந்து, எக்ஸ்ரேயில் எலும்பு குறைந்திருப்பதும் தெரிந்தால் அது நியாயமான பரிந்துரை. இல்லையென்றால் எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

சில நூறு டாலரைத் தாண்டும் எந்த வேலைக்கும் முன்பே "பிரீ-டிரீட்மென்ட் எஸ்டிமேட்" அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு தருவோம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி எழுத்தில் பதில் தரும். அது உத்தரவாதம் இல்லை, ஆனாலும் மேலே சொன்ன விதிகளில் ஏதாவது உங்களைப் பிடிக்கிறதா என்பது வேலைக்கு முன்பே தெரிந்துவிடும்.

எடுக்காவிட்டால் என்ன வழி?

வேண்டாம் என்று முடிவு செய்தால் செலவை எஃப்.எஸ்.ஏ. கணக்கு வழியாகச் செய்யலாம். வரிக்கு முன் பணத்தை ஒதுக்கி வைப்பது. 2026-க்கு வரம்பு 3,400 டாலர். வருடத் தொடக்கத்திலேயே முழுத் தொகையையும் பயன்படுத்தலாம், சம்பளத்தில் பிடிப்பது வருடம் முழுக்க நடக்கும். வருடத்துக்குள் செலவழிக்காத பணம் பெரும்பாலும் போய்விடும் என்பதால் நிச்சயமாகத் தெரிந்த செலவுக்கு மட்டும் ஒதுக்குங்கள். எச்.எஸ்.ஏ. (டிடக்டிபிள் அதிகமான மெடிக்கல் திட்டத்தோடு வரும் சேமிப்புக் கணக்கு) வைத்திருப்பவர்கள் சாதாரண எஃப்.எஸ்.ஏ. வைக்க முடியாது, பல், கண் செலவுக்கு மட்டுமான ஒன்று இருக்கிறது, கம்பெனி தந்தால் அதை எடுக்கலாம். இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களும் தாங்கள் கட்ட வேண்டிய பங்குக்கு இதைப் பயன்படுத்தலாம். பிரீமியத்தை மட்டும் இதிலிருந்து கட்ட முடியாது.

பல கிளினிக்குகள் சொந்தமாக மெம்பர்ஷிப் வைத்திருக்கின்றன: வருடத்துக்கு ஒரு தொகை, அதில் இரண்டு கிளீனிங்கும் பரிசோதனையும், மற்ற வேலைகளுக்குக் கொஞ்சம் தள்ளுபடி. பிரீமியம் முழுவதையும் நீங்களே கட்ட வேண்டிய நிலையில் இதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்யும் சிகிச்சை கணிசமாக மலிவு. நேரம்தான் நிறைய ஆகும்.

ஊரில் பார்த்துக்கொள்வதா? ஒரு மாதம் தங்கப் போகிறீர்கள், பல் அவசரமில்லை என்றால் கிரவுனுக்கு அது நல்ல யோசனைதான். இம்ப்ளான்ட் மாதக்கணக்கில் கட்டம் கட்டமாக நடப்பது, இரண்டு வார லீவில் முடியாது. நள்ளிரவில் வரும் பல்வலி டிக்கெட் தேதிக்காகக் காத்திருக்காது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பம் இருந்தால்

தனி ஆளுக்கான பிரீமியத்துக்கும் குடும்பத்துக்கான பிரீமியத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக எடுத்து, அந்தத் தொகைக்கு மட்டும் மேலே உள்ள கணக்கைப் போடுங்கள். பிள்ளைகள் இருந்தால் பெரும்பாலும் லாபமாகவே வரும். பரிசோதனை, ஃப்ளோரைடு, சீலன்ட் (கடைவாய்ப் பல்லில் பூசும் பாதுகாப்புப் பூச்சு) எல்லாம் 100 சதவீத அடுக்கில் இருப்பது வழக்கம். கணவன் மனைவி இருவருக்கும் கம்பெனித் திட்டம் இருந்தால் பிள்ளைகளை இரண்டிலும் சேர்க்க வேண்டியதில்லை. இரண்டாவது திட்டம், முதல் திட்டம் கொடுத்ததைக் கழித்துக்கொண்டு ஒன்றுமே தராமல் போகலாம். பார்க்க வரும் அப்பா அம்மாவைப் பொதுவாக இந்தத் திட்டங்களில் சேர்க்க முடியாது. அவர்கள் பல் வேலையை ஊரிலேயே முடித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் (வருடத்துக்கு ஒருமுறை வரும் தேர்வுக் காலம்) வரை மாற்ற முடியாது. கல்யாணம், குழந்தை பிறப்பு, வேறு இன்ஷூரன்ஸ் போய்விடுவது போன்றவை விதிவிலக்கு. அப்போதும் பெரும்பாலும் 30 நாளுக்குள் சொல்லியாக வேண்டும்.

வேலையை விடும்போது திட்டம் கடைசி நாளோடு முடிகிறதா, மாதக் கடைசி வரை இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். மாதக் கடைசி வரை என்றால் பாக்கியிருக்கும் கிளீனிங்கையும் ஃபில்லிங்கையும் அந்த நாட்களுக்குள் முடித்துவிடலாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனி என்றால் கோப்ரா சட்டப்படி அதே திட்டத்தைச் சொந்தக் காசில் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். டென்டல் தனித் திட்டமாக இருந்தால் மெடிக்கலை விட்டுவிட்டு அதை மட்டும் தொடரவும் முடியும்; பாதியில் நிற்கும் கிரவுனை முடிக்க ஒரு மாதம் கட்டினாலே போதுமாக இருக்கலாம்.